வீட்டுக்கு வந்த புத்தகம்



உங்கள் வீட்டுப் பெட்டியில் வீட்டு வரி செலுத்திய ரசீது ஒன்று இருக்கும். பெற்றோரைக் கேட்டு அதை ஒரு முறை வாங்கிப் பாருங்கள். வீட்டு வரியோடு நூலக வரி என்று ஒரு சிறு தொகையும் சேர்ந்திருக்கக் காண்பீர்கள். தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் நாம் வரி கொடுக்கிறோம். அதன் காரணம் எல்லோருக்கும் விளங்கும். புத்தகத்துக்காக வீட்டின்மேல் வரி விதித்தது ஏன்? அந்த வரி எப்பொழுது பிறந்தது? அதற்காகப் பாடுபட்டவர் யார்? இந்த வினாக்களுக்கு விடை தேடிப் புறப்பட்டால் ஒரு நீண்ட வரலாறு நம்முன் விரிகிறது. அதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஒரு மாணவன் தனக்குப் பிடித்த புத்தகம் ஒன்றைத் தானே பொறுக்கி எடுக்கிறான். வீட்டுக்குக் கொண்டுவந்து ஓய்வாகப் படிக்கிறான். இன்று இது மிகவும் சாதாரணமான செயல். ஆயினும் இந்தச் சாதாரணச் செயலுக்குள் மூன்று பேறுகள் அடங்கியிருக்கின்றன. புத்தகம் கைக்குக் கிட்ட வேண்டும். இது முதற் பேறு. கிட்டிய புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்ல இசைவு வேண்டும்; இது இரண்டாவது. எந்தப் புத்தகம் என்பதைப் படிப்பவனே முடிவு செய்ய வேண்டும், இது மூன்றாவது. இம்மூன்றும் ஒரே நாளில் நமக்கு வந்துவிடவில்லை. வெவ்வேறு காலங்களில், பலருடைய உழைப்பால், ஒவ்வொன்றாக வந்தவை அவை.

முதலில் ஏட்டுச் சுவடிகளின் காலத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு நூல் வேண்டுமானால் அதை வைத்திருப்பவரைத் தேடிச் செல்ல வேண்டும். அவர் மனமிசைந்து கொடுத்தால், பனையோலையைப் பதப்படுத்தி, எழுத்தாணி பிடித்து, ஒவ்வோர் எழுத்தாகக் கீறிப் படியெடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு பெருங்காப்பியத்தைப் படியெடுத்து முடிப்பதென்றால் எத்தனை நாள் ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். அப்படி எடுத்த படியாவது நிலைத்திருக்குமா? கறையான் அரிக்கும்; இராமபாணப் பூச்சி துளைக்கும்; ஓலை இற்று ஒடியும். பழைய ஏடு அழிவதற்கு முன்னே யாரேனும் புதிய ஏட்டில் எழுதி வைத்தால்தான் நூல் பிழைக்கும். எழுதி வைப்பாரில்லாமல் மறைந்துபோன தமிழ் நூல்கள் பல. அவற்றின் பெயரை மட்டும் உரையாசிரியர்கள் வாயிலாக இன்று அறிகிறோம்.

இவ்வளவு அரிதாகக் கிடைத்த பொருளை மக்கள் போற்றிப் பூசித்ததில் வியப்பில்லை. சரசுவதி பூசையன்று ஏடுகளை அடுக்கிப் பொட்டிட்டு வழிபட்டார்கள். அன்று படிக்கக் கூடாது என்பது பிள்ளைகளுக்கு எக்காலத்தும் மகிழ்ச்சி தரும் விதி. ஆனால், பல வீடுகளில் அந்த ஒரு நாள் ஆண்டு முழுவதற்கும் நீண்டுவிட்டது. ஏடுகள் பூசையில் இருந்தன. பிரித்துப் படிப்பாரைத்தான் காணோம். ஏடே நுழையாத வீடுகளோ எண்ணற்றவை. நிலத்தை உழுதவர்களுக்கும், ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்டவர்களுக்கும், பெரும்பாலான பெண்களுக்கும் எழுத்து என்பது எட்டாத பொருளாகவே இருந்தது. ஏட்டின் பெருமையைப் பேசும்பொழுது இந்தச் சிறுமையையும் நாம் மறவாமல் பேச வேண்டும்.

இந்தச் சுவடிக் காலம் முடியுந்தறுவாயில், 1880-ஆம் ஆண்டில், கும்பகோணத்தில் ஒரு சந்திப்பு நிகழ்ந்தது. அவ்வூர்க் கல்லூரியில் அந்த ஆண்டுதான் தமிழாசிரியராக அமர்ந்திருந்தார் உ. வே. சாமிநாதையர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல ஆண்டுகள் பாடங்கேட்டவர் அவர். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை, தலபுராணம் என்று அவர் கற்றிருந்த நூல்களின் வரிசை நீளமானது. அப்பொழுது கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்தவர் சேலம் இராமசுவாமி முதலியார். அவரைக் காணச் சென்றபொழுது, என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் வினவினார். ஐயர் தாம் படித்தவற்றை அடுக்கிச் சொன்னார். கேட்டவருக்கு அது நிறைவு தரவில்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் படித்ததில்லை.

சிந்தாமணி ஒரு சமணக் காப்பியம். ஐயர் கல்வி பயின்ற சூழலில் அதைப் பாடமாகச் சொல்வோர் இல்லை. அதைக் கற்றால் ஊதியம் உயரும் என்பதுமில்லை. ஆசிரியர் என்ற பெயரோடு கல்லூரியில் அமர்ந்துவிட்ட ஒருவர், படித்தது போதும் என்று இருந்துவிட்டிருக்கலாம். அவ்வாறு அவர் இருக்கவில்லை. முதலியார் உதவிய பிரதியை வாங்கிவந்து, தாமே படிக்கத் தொடங்கினார். நச்சினார்க்கினியர் உரை இருந்தும் பல இடங்கள் விளங்கவில்லை. சமண சமயக் கருத்துகளை அறிந்துகொள்ளக் கும்பகோணத்தில் இருந்த சமணர் இல்லங்களுக்குச் சென்றார். ஊரிலே பலருக்கும் பெரிய புலவராகத் தோன்றியவர், அந்த இல்லங்களில் மாணவராக அமர்ந்து ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார். 1887-ஆம் ஆண்டில் சிந்தாமணி அவர் பதிப்பில் வெளிவந்தது. தொடர்ந்து 1889-இல் பத்துப்பாட்டும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும், 1898-இல் மணிமேகலையும் வெளிவந்தன.

இன்று நீங்கள் பள்ளியிலே படிக்கும் புறநானூற்றுப் பாடல்கள் உங்கள் பாடப் புத்தகத்துக்குள் வந்த வழி இதுதான். பாடமாக வைக்கப்படாத ஒரு நூலை ஒருவர் வலிய எடுத்துப் படித்தார். அதனால் பல நூல்கள் பின்னர்ப் பாடமாயின. பாடப் புத்தகத்துக்கு வெளியே யாரும் படிக்காதிருந்தால் பாடப் புத்தகமும் வளராது. இந்த உண்மையை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

இனி அச்சுக் காலத்துக்கு வருவோம். தமிழ் அச்சேறியது மிகப் பழங்காலத்திலேயே. 1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழெழுத்தில் அச்சாயிற்று. ஆனால், அச்சகங்கள் பலருடைய கைக்கு வந்து, இலக்கியமும் இலக்கணமும் பெருவாரியாகப் புத்தக வடிவம் பெற்றது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். ஆறுமுக நாவலரும் சி. வை. தாமோதரம் பிள்ளையும் இப்பணியில் முன்னின்றவர்கள். ஒருவர் ஒரு படி எழுதும் காலத்தில் நூற்றுக்கணக்கான படிகளை அச்சுப்பொறி தந்தது. முதற் பேறு இவ்வாறு கைகூடலாயிற்று.

புத்தகம் பெருகியது, அதனோடு பூட்டும் பெருகியது. மேல்நாட்டிலும் இதே கதைதான். அங்கே பழங்காலத்தில் நூல்களை இரும்புச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்தார்கள். படிக்க விரும்புவோர் அலமாரி அருகிலேயே அமர்ந்து படிக்க வேண்டும். இங்கிலாந்தில் எர்போர்டு நகரப் பேராலயத்தில் அத்தகைய சங்கிலி நூலகத்தை இன்றும் காணலாம். நம் நாட்டில் சங்கிலி இல்லை. கண்ணாடி அலமாரியும் சாவிக் கொத்தும் இருந்தன. நூல்களைக் காப்பதே நூலகரின் கடமை என்று கருதப்பட்டது. ஒரு புத்தகம் குறைந்தால் அவர் பதில் சொல்ல வேண்டும். யாருக்கும் கொடுக்காவிட்டால் ஒன்றும் குறையாதன்றோ? ஆகவே, கொடாமையே சிறந்த நிருவாகம் ஆயிற்று.

கதவுகள் மெல்ல மெல்லத்தான் திறந்தன. சென்னையில் கன்னிமாரா நூலகம் 1896-ஆம் ஆண்டில் பொதுமக்களுக்காகத் திறக்கப்பட்டது. தஞ்சையில் இரண்டாம் சரபோசி மன்னர் பேரார்வத்தோடு வளர்த்த சரசுவதி மகால் நூலகம், மன்னர் மறைந்து பல்லாண்டுகள் கழித்து, 1918-இல் பொதுமக்களுடையதாயிற்று. ஆனால், ஒரு சிற்றூரில் இருந்த மாணவனுக்குச் சென்னையும் தஞ்சையும் எவ்வளவு தொலைவு!

அந்நாளில் பூட்டைக் கடந்து ஒரு புத்தகம் ஒரு மாணவனின் வீட்டை அடைந்தால் என்ன நிகழும் என்பதற்குக் கும்பகோணத்திலேயே இன்னொரு சான்று உண்டு. ஆண்டு 1903. மாணவனுக்கு வயது பதினைந்து. சாரங்கபாணி சந்நிதித் தெருவில் எளிய குடும்பம். பள்ளியில் படித்துக்கொண்டிருந்த அவனுக்கு, அவ்வூர் அரசினர் கல்லூரி நூலகத்திலிருந்த கணித நூல் ஒன்று நண்பர் வழியாகக் கிடைத்தது. கார் என்ற ஆங்கில ஆசிரியர் தொகுத்த நூல் அது. சுமார் 5,000 கணித முடிவுகள் அதில் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. பெரும்பாலானவற்றுக்கு விரிவான நிறுவல் இல்லை. தேர்வுக்கு மாணவர்களைத் தயார் செய்யும் ஆசிரியர் ஒருவர் தொகுத்த குறிப்பேடு போன்றது அது. கணித மேதைகள் அதைச் சிறந்த நூல் என்று போற்றியதில்லை.

அந்த மாணவனோ அதில் மூழ்கிவிட்டான். நூலில் இல்லாத நிறுவல்களைத் தானே தேடினான். காகிதம் வாங்கப் பணமில்லை. கற்பலகையில் எழுதி எழுதி அழித்தான். அந்த மாணவன்தான் சீனிவாச இராமானுசன். 1913-இல் கேம்பிரிட்சுப் பேராசிரியர் ஆர்டிக்கு அவர் எழுதிய கடிதமும், 1914-இல் அவர் கப்பலேறியதும், 1918-இல் இலண்டன் இராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனதும் நீங்கள் அறிந்தவை.

இக்கதையின் மறுபக்கத்தையும் நான் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் உங்களுக்கு நான் உண்மையாக நடந்தவன் ஆகமாட்டேன். கணிதத்திலேயே ஆழ்ந்த இராமானுசன் மற்றப் பாடங்களைக் கைவிட்டார். 1904-இல் கல்லூரியில் சேர்ந்தபொழுது கிடைத்த உதவித் தொகையை, ஆங்கிலத்தில் தேறாமையால் இழந்தார். பின்னர்ச் சென்னைக்கு வந்து படித்தும் எப். ஏ. தேர்வில் வெற்றி பெறவில்லை. வேலையின்றியும் வறுமையிலும் பல ஆண்டுகள் அலைந்தார். விருப்பமான புத்தகத்தைப் படிப்பவர் எல்லோரும் இராமானுசன் ஆவதில்லை. இராமானுசனும் அதற்குப் பெரிய விலை கொடுத்தார். ஆகவே, பாடத்தை விட்டுவிட்டுப் பிற நூல்களைப் படியுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. இரண்டுக்கும் இடமளிக்காத முறையினால் மாணவர்க்கு நேரும் துன்பத்தையும் இக்கதை காட்டுகிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் உறுதி. ஒருவருக்குச் சாதாரணமாகத் தோன்றும் நூல் மற்றொருவருக்கு வாழ்வின் வாயிலாகலாம். எந்த நூல் யாருக்கு வாயில் என்பதை வெளியிலிருந்து எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால்தான் தேர்ந்தெடுக்கும் உரிமை படிப்பவரிடம் இருக்க வேண்டியதாகிறது.

இந்த உண்மையை ஒரு கொள்கையாக வகுத்து, அதற்காகவே வாழ்ந்தவர் ஒருவர் நம்மிடையே தோன்றினார். அவரும் கணிதம் பயின்றவரே. சீர்காழியில் 1892-ஆம் ஆண்டு பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியராக இருந்தார். 1924-இல் சென்னைப் பல்கலைக் கழகம் அவரை நூலகராக நியமித்தது. மாணவர்களோடு கலந்து பழகிய அவருக்கு, நூலக அறையின் தனிமை சகிக்க முடியாததாயிற்று. சில நாட்களுக்குள் பழைய வேலைக்கே திரும்பிவிட விரும்பினார். இங்கிலாந்து சென்று நூலகப் பயிற்சி பெற்று வாருங்கள், அதன் பிறகும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்று ஏற்பாடாயிற்று.

இங்கிலாந்தில் அவர் நூலகம் நூலகமாகச் சென்று பார்த்தார். தொழிலாளரும், இல்லத்தரசிகளும், சிறுவர் சிறுமியரும் நூலகத்துக்கு வந்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு வீடு செல்வதைக் கண்டார். தாம் வெறுத்த அறைக்குள் எத்தகைய ஆற்றல் அடைபட்டுக் கிடக்கிறது என்பது அவருக்குப் புலனாயிற்று. 1925-இல் திரும்பி வந்தவர், கணித வகுப்புக்குத் திரும்பவில்லை. சென்னைப் பல்கலைக் கழக நூலகத்தில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பணியாற்றினார். வாசகர் சீட்டெழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் முறையை மாற்றி, அவரே அலமாரிகளுக்கிடையே சென்று நூல்களைப் பார்க்கவும் எடுக்கவும் வழி செய்தார்.

ஒரு சீட்டில் நூலின் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டுமானால், அந்தப் பெயர் முன்பே நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அலமாரிகளின் நடுவே உலவினாலோ, இருப்பதே தெரியாத நூல் ஒன்று கண்ணிற்படும். தேடிச் சென்ற நூலுக்குப் பக்கத்திலிருக்கும் நூல் நம்மை அழைக்கும். தேர்ந்தெடுத்தல் என்பது உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது. ஆதலால், அலமாரியைத் திறந்துவிட்டது சிறிய மாற்றமன்று. மூன்றாவது பேறு அந்தத் திறப்பில் பிறந்தது.

தம் பணிக்கு அடிப்படையான விதிகள் எவை என்று அரங்கநாதன் பல நாள் சிந்தித்தார். 1928-இல் ஒரு நாள், தமக்குக் கிறித்துவக் கல்லூரியில் கணிதம் கற்பித்த பேராசிரியர் ராசிடம் அந்தச் சிக்கலைச் சொன்னபொழுது, நூல்கள் பயன்படுத்துவதற்கே உரியவை என்பதுதான் உன் முதல் விதி என்ற கருத்தை அவர் எடுத்துக் கூறினாராம். அதிலிருந்து ஏனைய விதிகள் விரைந்து பிறந்தன. 1931-இல் வெளிவந்த அவருடைய நூலகவியலின் ஐந்து விதிகள், உலகெங்கும் நூலகக் கல்வியின் அடிப்படைகளுள் ஒன்றாக விளங்குகின்றன. அவற்றின் சாரத்தை என் சொற்களில் சொல்கிறேன். நூல் பயன்பட வேண்டும். வாசகர் ஒவ்வொருவருக்கும் ஏற்ற நூல் கிட்ட வேண்டும். ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரை அடைய வேண்டும். வாசகருடைய காலம் வீணாகலாகாது. நூலகம் வளர்ந்துகொண்டேயிருக்கும் உயிர் போன்றது.

இவற்றுள் இரண்டாவதைச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் என்று சொல்லிவிட்டால், நகரத்தாருக்கும் நாட்டுப்புறத்தாருக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும், செல்வருக்கும் வறியவருக்கும் என்றுதானே பொருள்? எல்லோரும் நூலகம் தேடி வர முடியுமா? வர முடியாதவர்களைத் தேடி நூல்தான் செல்ல வேண்டும். 1931-ஆம் ஆண்டிலேயே மன்னார்குடிப் பகுதியில் கனகசபைப் பிள்ளை என்ற பெருந்தகையாளர் முயற்சியால் மாட்டு வண்டியில் ஒரு நடமாடும் நூலகம் புறப்பட்டது. நெல் மூட்டையும் வைக்கோலும் ஏற்றிச் சென்ற வண்டித் தடத்தில் புத்தகங்கள் சென்றன. சுற்றுப்புறச் சிற்றூர்களின் வாசலுக்கே அவை வந்து நின்றன.

வாசலுக்குப் புத்தகம் வருவதன் அருமை, வாசலைக் கடக்க முடியாதவர்களுக்குத்தான் நன்கு தெரியும். புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த முத்துலட்சுமி, பருவமெய்திய பின் அக்கால வழக்கப்படி பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டார். வீட்டிலிருந்தே படித்து, தனித் தேர்வராக எழுதி, 1902-இல் மெட்ரிகுலேசனில் தேறினார். ஆண்கள் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில், எதிர்ப்புகளுக்கிடையே, இடம் பெற்றார். 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடி 1947-இல் சட்டம் வரக் கண்டார். 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தோற்றுவித்தார். வீடே எல்லையாக விதிக்கப்பட்ட ஒரு சிறுமிக்கு, வீட்டுக்குள் வந்த புத்தகங்கள்தாம் அந்த எல்லையைக் கடக்கும் வழியாக அமைந்தன.

பெண்களுக்கு வீட்டு வாசல் தடை என்றால், ஒடுக்கப்பட்டோருக்குப் பள்ளியின் வாசலே தடை. மராட்டிய நாட்டில் பள்ளிச் சிறுவனாயிருந்த அம்பேத்கர், வகுப்பில் மற்றவரோடு கலந்து அமர முடியவில்லை. பள்ளியில் தண்ணீர்ப் பானையைத் தொட முடியவில்லை. ஆனால், அவர் வீட்டில் நூல்கள் இருந்தன. வறுமையிலும் மகனுக்குப் புத்தகம் வாங்கித் தந்தார் தந்தை இராம்சி. சிறுவன் தேர்வு ஒன்றில் தேறியபொழுது, கெலுசுகர் என்ற மராத்தி எழுத்தாளர் தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசாகக் கொடுத்தார். அந்தப் புத்தகம் அம்பேத்கர் உள்ளத்தில் தங்கிவிட்டது. 1956 அக்டோபரில் நாகபுரியில் இலட்சக் கணக்கான மக்களோடு அவர் புத்த சமயத்தைத் தழுவினார். அவர் எழுதிய புத்தரைப் பற்றிய பெருநூல் அவர் மறைவுக்குப் பின் 1957-இல் வெளிவந்தது. அந்நூலுக்கென அவர் எழுதிய முன்னுரையில், சிறுவயதில் கிடைத்த அந்தப் பரிசை நினைவு கூர்ந்திருக்கிறார். எந்தத் தேர்விலும் கேட்கப்படாத ஒரு புத்தகம் ஏறக்குறைய அரை நூற்றாண்டு அவரோடு நடந்து வந்திருக்கிறது.

இத்தகைய நல்வாய்ப்பு, ஒரு நண்பர் கொடுத்தார், ஒரு பெரியவர் பரிசளித்தார் என்று தற்செயலாக அமைவதாகவே இருந்துவிடலாமா? முன்சீபு முதலியார் வராத ஊர்கள் எத்தனை? கெலுசுகரைச் சந்திக்காத சிறுவர்கள் எத்தனை பேர்? தற்செயலை உரிமையாக்க வேண்டுமானால் சட்டம் வேண்டும் என்று அரங்கநாதன் கண்டார். 1930-இல் காசியில் நடந்த ஆசியக் கல்வி மாநாட்டில் நூலகச் சட்டத்துக்கு ஒரு மாதிரி வரைவை முன்வைத்தார். அது நிறைவேறப் பதினெட்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. நாடு விடுதலை பெற்றபொழுது சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தவர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார். அவர் முயற்சியால் 1948-ஆம் ஆண்டில் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுவே. மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு அமைக்கவும், வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி வாங்கவும் அது வழி செய்தது. 1950-இல் கன்னிமாரா, மாநில மைய நூலகம் ஆயிற்று.

உங்கள் வீட்டு ரசீதில் உள்ள அந்தச் சிறு தொகையின் வரலாறு இதுதான், நண்பர்களே. புத்தகம் வீட்டுக்கு வர வேண்டும் என்பதற்காகவே வீட்டின்மேல் வரி வந்தது. கிளை நூலகத்துக்குச் சென்று நீங்கள் ஒரு புத்தகத்தைக் கேட்பது இரவலன்று. உங்கள் தாத்தாவும் பாட்டியும், தாயும் தந்தையும் ஆண்டுதோறும் முன்பணம் கட்டி வைத்த பொருளை நீங்கள் வாங்கிக்கொள்கிறீர்கள். வரியை மட்டும் கட்டிவிட்டுப் புத்தகத்தை எடுக்காத வீடு, விலை கொடுத்துவிட்டுப் பண்டத்தைக் கடையிலேயே விட்டு வந்த வீடாகும்.

இப்பொழுது மூன்று பேறுகளும் நமக்கு உண்டு. அவற்றுள் முதல் இரண்டையும் நம்மிடமிருந்து எவரும் எளிதில் பறித்துவிட முடியாது. மூன்றாவதைப் பற்றித்தான் எனக்குக் கவலை உண்டு. தேர்ந்தெடுக்கும் உரிமையை யாரும் பறிக்க வேண்டியதில்லை. நாமே கைநெகிழ விட்டுவிடுவோம். பள்ளியில் இன்ன பாடம் என்று ஆசிரியர் சொல்கிறார், அது முறையே. வீட்டிலும் இன்ன வழிகாட்டி நூல், இன்ன வினா விடை என்று பிறர் சொல்வதையே படிக்கிறோம். எஞ்சிய பொழுதில் கைப்பேசியைக் கையில் எடுத்தால், அடுத்து நாம் எதைப் பார்க்க வேண்டும் என்பதை அதுவே எடுத்து நீட்டுகிறது. காலை முதல் இரவு வரை நாமாகத் தெரிந்தெடுத்த பொருள் ஒன்றும் நம் கண்முன் வராமலே ஒரு நாள் கழிந்துவிடுகிறது. அலமாரியில் பூட்டில்லை, ஆனால், அதன் அருகே செல்லும் கால்கள் ஓய்ந்துவிட்டன.

பெற்றோர் சிலர் அஞ்சுகிறார்கள். பிள்ளைகள் தம் விருப்பப்படி எடுத்தால் தகாத நூலை எடுத்துவிடுவார்களே, காலம் வீணாகுமே என்கிறார்கள். அவர்கள் அச்சத்தில் அன்பு இருக்கிறது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. சுவையற்ற நூல் ஒன்றைத் தானே எடுத்துப் பத்துப் பக்கம் படித்து, இது வேண்டாம் என்று மூடி வைக்கும் பிள்ளை, நல்ல நூலைத் தெரிந்துகொள்ளும் கலையில் ஒரு படி ஏறிவிட்டது. நீச்சலைக் கரையில் நின்று கற்க முடியாதது போலவே, தேர்ந்தெடுப்பதையும் தேர்ந்தெடுத்துத்தான் கற்க வேண்டும். பிள்ளை எடுத்து வந்த நூலைப் பெற்றோரும் புரட்டிப் பார்த்து, அதில் என்ன இருக்கிறது என்று உணவு வேளையில் கேட்டால் போதும். தடை விதிப்பதைக் காட்டிலும் அந்த உரையாடல் நல்ல காவலாகும்.

பாடம் கெட்டுவிடுமோ என்ற கேள்வி உங்களுக்கும் இருக்கும். இராமானுசன் இழந்ததை நான் மறைக்கவில்லை. பாடத்துக்குரிய பொழுதைப் பாடத்துக்கே கொடுங்கள். நாளில் அரைமணி நேரத்தை மட்டும் உங்களுடையதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த அரைமணியில் மதிப்பெண் இல்லை, வினாத்தாள் இல்லை, எத்தனை பக்கம் முடித்தாய் என்று கேட்பாரும் இல்லை. கப்பல்களைப் பற்றிப் படிக்கலாம். பறவைகளைப் பற்றிப் படிக்கலாம். கதையோ, பயணமோ, ஒருவர் வாழ்க்கை வரலாறோ, எது உங்களை இழுக்கிறதோ அதைப் படிக்கலாம். பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்றை எடுக்கலாம். நண்பன் எடுத்ததையே நீங்களும் எடுக்க வேண்டியதில்லை. வீட்டில் தங்கை இருந்தால், அவளையும் நூலகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆனால், அவளுக்குரிய நூலை அவளே எடுக்கட்டும்.

அரங்கநாதன் தம் வாழ்நாட் சேமிப்பான ஓர் இலட்சம் ரூபாயை நூலகக் கல்விக்கென்று சென்னைப் பல்கலைக் கழகத்துக்கு வழங்கினார். 1972-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அவர் பிறந்த நாளையொட்டி ஆகஸ்டு 12-ஆம் நாளை நூலகர் நாளாகக் கொண்டாடுகிறோம். மாலையும் பேச்சும் அந்நாளில் உண்டு. அவர் விரும்பியிருக்கக் கூடிய வழிபாடு வேறு. உங்கள் தெருவுக்கு அருகே உள்ள கிளை நூலகத்தின் அலமாரியில், நீண்ட நாளாக யாரும் எடுக்காத புத்தகம் ஒன்று இருக்கலாம். அதற்குரிய வாசகர் நீங்களாக இருக்கக் கூடும். இந்த வாரம் சென்று, யாரையும் கேளாமல், அலமாரிகளுக்கு நடுவே சற்று நேரம் நில்லுங்கள். கையை நீட்டி ஒன்றை எடுங்கள். பதிவேட்டில் உங்கள் பெயரை எழுதி, அதை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்.